பலாலியில் இறங்காத விமானம்

வானத்தின் விலை எழுபத்தொன்பது டொலர் தொண்ணூற்றைந்து சதம். வாழ்க்கையில் நான் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். பேசியிருப்பேன்; எதிரில் ஆள் இருக்கவில்லை, ஒரு பொத்தான்தான் இருந்தது.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னீர்கள். நன்றி. இதை மொழிபெயர்க்கப் போகிறவர் எங்கள் ஆளாக இருந்தால், கிரவீனில் உள்ள எங்கள் துணிக்கடைக்கு ஒருமுறையாவது வந்திருப்பார். விலை குறைத்துத்தான் கொடுத்திருப்பேன். அந்த நன்றிக்காக என் வசனங்களை அவர் அழகுபடுத்த வேண்டாம்.

என் பெயர் இந்திரகுமார். வயது ஐம்பத்தெட்டு. யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவில் அப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. நான் நடை பழகியது சேலைக் கட்டுகளுக்கு நடுவில். வருகிறவர் தொட்டுப் பார்க்கும் சேலையை விட்டுவிடு, தொடாமல் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கும் சேலையைக் கவனி என்று எனக்கு ஏழு வயதில் அப்பா சொல்லித் தந்தார். எதிராளிக்கு எது வேண்டும், எது போய்விடுமென்று பயப்படுகிறார், இந்த இரண்டும் தெரிந்தால் விலை தானாகப் படியும். பெருமைக்குச் சொல்லவில்லை. பிறகு தேவைப்படும்.

இன்னொன்று. எனக்கு நிறக்குருடு. சிவப்பு, பச்சை எல்லாம் எனக்குப் பழைய சாக்கின் நிறம். துணிக்கடைக்காரனுக்கு வரக்கூடாத வியாதி. என் மனைவி இரஞ்சிதம் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நிறத்தின் பெயரைச் சிறு துண்டில் எழுதி வைத்துவிடுவாள். முப்பது வருடமாக ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாது. ஆனால் பத்தொன்பது வயதில் விமானம் ஓட்டப் பழக இரத்மலானைக்குப் போனபோது, டாக்டர் ஒரு புள்ளிப் புத்தகத்தை விரித்து, உள்ளே தெரியும் எண் என்ன என்று கேட்டார். அங்கே துண்டு இருக்கவில்லை. திரும்பி வந்து சேலை விற்றேன்.

நான் வாங்கிய அந்த வானத்தின் பெயர் 'ஹை மெரிடியன்', கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு. விளையாட்டு என்ற சொல்லை நான் பாவிப்பதில்லை, உங்களுக்கு விளங்கட்டும் என்று எழுதுகிறேன். நிஜ ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் இருக்கும். வெள்ளை கூடினால் நீங்கள் உயரத்தில் வருகிறீர்கள். சிவப்பு கூடினால் பதிந்து வருகிறீர்கள். இரண்டும் இரண்டும் என்றால் சரி. எனக்கு நான்கும் ஒன்று. இந்த விளையாட்டில் எவரோ ஒரு புண்ணியவான், சிவப்பை நீலமாக மாற்ற ஒரு வசதி செய்து வைத்திருந்தார். முதல் நாள் கடைக் கணினியில், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில், இரண்டு வெள்ளை, இரண்டு நீலம் பார்த்து இறக்கினேன். இறக்கிவிட்டுக் கடைக் கதவைப் பூட்டாமலே வீட்டுக்குப் போய்விட்டதாக இரஞ்சிதம் இன்றைக்கும் சொல்வாள்.

நான்கு வருடங்கள். ஒவ்வொரு பறப்பையும் ஒரு கொப்பியில் எழுதினேன். புறப்பட்டதற்கு ஒரு நிரல், இறங்கியதற்கு ஒரு நிரல். இரண்டும் எப்போதும் ஒத்துப் போகும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கொம்பனியின் கடிதம் வந்தது. விளையாட்டைக் கைவிடுகிறோம், முப்பது நாளில், ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாச் சேர்வர்களும் நிற்கும், உங்கள் ஆதரவுக்கு நன்றி. கீழே 'ஆரூ' என்று கையெழுத்து. எங்களுக்கு வரும் எல்லா அறிவிப்புக்கும் கீழே அந்தப் பெயர்தான் இருக்கும்.

இணையத்தில் எங்கள் குழுவில் நாற்பத்தோராயிரம் பேர். அன்றைக்கு அங்கே நடந்ததைச் செத்த வீடு என்று சொல்ல முடியாது. செத்த வீட்டில் யாராவது தேத்தண்ணி கொடுப்பார்கள். பெர்த்தில் ஒருவர் தன் விமானி இருக்கையை வீட்டு வளவுக்குள் போட்டுக் கொளுத்தி, அதைப் படமெடுத்துப் போட்டார். முந்நூறு பேர் விளையாட்டுக்குள் இருக்கும் மெல்பேர்ன் விமான நிலையத்துக்குப் பறந்து, ஓடுபாதையை அடைத்து நின்று மறியல் செய்தோம். அந்தக் கொம்பனி மெல்பேர்னில் இருந்தது, அதனால். எனக்கு முன்னால் ஒரு ஜம்போ, பின்னால் வயலுக்கு மருந்தடிக்கும் சின்ன விமானம். பதினொரு மணி நேரம் நின்றோம். அறிக்கை ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து பறக்கும் சேஷாத்ரி மெல்பேர்னில் எஞ்சினியர், சென்னைக்காரர். அவர்தான் முதலில் ஓய்ந்தார்.

"விடுங்கண்ணே. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

"அதிலை நீல விளக்கு இருக்கோ?"

"இல்ல. ஆனா…"

"அப்ப வேறை கதை கதையுங்கோ."

கடிதம் வந்த இரண்டாவது கிழமை நாகலட்சுமி அக்கா என்ற ஒருவர் முதல்தடவையாகக் கடைக்கு வந்தார். பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், பிறப்புத் துடக்குக் கழிக்கும் சடங்கு, அதற்குப் பட்டு வேண்டும். எங்கள் ஆட்கள் காசு கொடுத்துப் பொருள் வாங்குவதற்கு முன் வேறு ஒரு பரிமாற்றம் இருக்கிறது. அதை நீங்கள் உங்கள் பயிற்சியில் படிக்க வேண்டும். உங்களுடைய எந்த விசாரணையையும் விட வேகமானது.

"ஊரிலை எவடம் அக்கா?" என்றாள் இரஞ்சிதம்.

"கொக்குவில்."

"கொக்குவிலிலை?"

"ஸ்ரேசனடி. நீங்கள்?"

மூன்று நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. வீடு பக்கத்தில், குவேக்கர்ஸ் ஹில். மருமகள் வினுஷா, நேர்ஸ். மகன் ஆரூரன்.

"மகன் என்ன செய்யிறார்?"

"அது பிளேன் ஓட்டுற கேம் ஒண்டு. அதிலை ஆக்களுக்குக் கடிதம் எழுதிறவன். பிள்ளை பிறந்த அண்டைக்கும் ஆஸ்பத்திரியிலை இருந்துதான் எழுதினவன். இப்ப அதையும் மூடுகினமாம்."

நான் பச்சையா சிவப்பா என்று தெரியாத ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன்.

அக்காவுக்குக் கதிரை போட்டேன். கதைக்கவிட்டேன். வீட்டுக் கதவைத் தட்டினால் தான் திறப்பதில்லை என்றார். "பிள்ளையளும் ரெலிபோன் அடிச்சுப்போட்டுத்தான் வருவினம், தம்பி." ஏனென்று நான் கேட்டேன். தொண்ணூறாம் ஆண்டு துவக்கோடு, அதுதான் துப்பாக்கியோடு, வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். கணவர் திறக்கப் போனார். இவர் மூன்று மாதப் பிள்ளையோடு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து, அழாமலிருக்கப் பிள்ளையின் வாயைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். கணவரைக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை தப்பியது. அந்தப் பிள்ளைதான் ஆரூரன்.

"அண்டைக்கு இவன் ஒரு சத்தம் போட்டிருந்தா, இண்டைக்கு இந்தப் பட்டு வாங்க நான் இல்லை," என்று சொல்லிச் சேலையைத் தடவினார். இரஞ்சிதம் அழுதாள். நான் பத்து வீதம் குறைத்தேன்.

தாயை ஏற்றிக்கொண்டு போக ஆரூரன் வந்தான். மெலிந்த பெடியன், கண்ணுக்குக் கீழே பிள்ளைக்காரர்களுக்கு வரும் கருமை. பொதிகளைக் காருக்குள் வைக்கும்போது கேட்டேன்.

"தம்பி, சேர்வரை எங்களிட்டைத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருமன். நாற்பதாயிரம் பேர். ஆளுக்கு ஐஞ்சு டொலர் போட்டாலும்…"

அவனுக்கு நான் யாரென்று விளங்க ஒரு கணம் எடுத்தது. சிரித்தான்.

"அங்கிள், நீங்களுமா? நான் கடிதம் எழுதிற ஆள் மட்டும். முடிவெடுக்கிறவையை நானே கண்டதில்லை. என்ரை வேலையும் அந்த ஞாயிறோடை சரி." பிறகு ஆங்கிலத்தில், ஆறுதலாக, "இது ஒரு கேம்தானே அங்கிள்" என்றான்.

அவன் கெட்ட பெடியன் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கடையில் சம்பளத்துக்கு நிற்பவனிடம் விலை பேசக்கூடாது, அவன் குறைக்கவும் மாட்டான் கூட்டவும் மாட்டான் என்பது அப்பாவின் முதல் பாடம். எனக்குத் தெரியும். ஆனால் முதலாளியின் வாசல் தெரியாதபோது, தெரிந்த வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. எங்கள் ஆட்கள் ஒரு விசேஷத்துக்குச் சொல்லும்போது வீட்டு இலக்கம், தெரு, நல்ல நேரம் எல்லாம் போட்டு, பிள்ளையார் படத்தோடு ஊர் முழுக்க அனுப்பிவிடுவார்கள். ஞாயிறு, பத்தரை முதல் பதினொன்றே முக்கால் வரை. கட்டாயம் வரவும்.

குழுவில் நான் ஒரு பெயரும் ஒரு இடமும் மட்டும் எழுதினேன். தெருவை எழுதவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒன்றரை நாள் எடுத்தது. முதலில் யாரும் கேட்காத பதினொரு பீட்சா போனது. பிறகு ஒரு லொறி பசளை மண். பிறகு சவ அடக்கத்துக்கு வைக்கும் மலர்வளையம், 'ஆரூ' என்று பெயர் போட்டு. ஒரு நாளைக்கு இருநூறு அழைப்பு. சேஷாத்ரி எனக்கு எடுத்தார்.

"அண்ணே, அந்தப் பையனோட அட்ரஸ் எப்படி வெளிய வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்."

"பச்சக் குழந்த இருக்கிற வீடுண்ணே. நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணுவாங்களா?"

"நாற்பத்தோராயிரம் பேர். ஆரெண்டு சொல்லுறது?"

அவர் "ஆமா" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பறக்கவில்லை.

இவ்வளவு நடந்தும் சேர்வர் நிற்கும் தேதி மாறவில்லை. வெள்ளைக்காரர்கள் எதிராளியின் பயம் எதுவென்று அறியாமல் பீட்சா அனுப்புகிறார்கள். பீட்சாவுக்கு யார் பயப்படுவார்?

அந்த ஞாயிறு இரஞ்சிதம் பட்டுடுத்தி நின்றாள். "வாறியளோ இல்லையோ?"

"நீ முன்னாலை போ. நான் ஒண்டை இறக்கிப்போட்டு வாறன்."

"இண்டைக்கும் அந்த விளையாட்டோ," என்று போய்விட்டாள். பிள்ளைக்கு நான் தெரிந்தெடுத்த போர்வையைக் கொண்டுபோனாள். அந்த ஒன்றில் மட்டும் நான் துண்டைப் பார்க்காமல் தெரிவு செய்திருந்தேன்.

பத்து நாற்பதுக்குச் சென்னையிலிருந்து கிளம்பினேன். பலாலிக்கு ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும். பதினொன்று ஐம்பதுக்கு இறங்கினால், மூடுவதற்குப் பத்து நிமிடம் மிச்சம். பதினொன்று இருபதுக்கு, கடலுக்கு மேல் விமானத்தைத் தன்பாட்டில் பறக்கவிட்டு, என் கைபேசியை எடுத்து அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். குவேக்கர்ஸ் ஹில்லில் இன்ன வீட்டில் ஒருவன் துவக்கோடு நிற்கிறான், ஒருவரைச் சுட்டுவிட்டான், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

என் கைபேசி இலக்கத்தை ஏன் மறைக்கவில்லை என்று கேட்டீர்கள். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லாமல் நாங்கள் வியாபாரம் செய்ததில்லை.

என் எண்ணம் இவ்வளவுதான். வாசலில் துவக்கைக் கண்டால் அவன் தன் தாயின் முகத்தைப் பார்ப்பான். பார்த்தால், யாருக்கு எடுக்க வேண்டுமோ எடுத்து, இதை நிறுத்துங்கள், அவர்கள் கேட்பதைக் கொடுங்கள் என்று கெஞ்சுவான். பன்னிரண்டுக்கு முன் நாற்பது நிமிடம் இருந்தது. ஒரு பேரத்துக்கு அது போதும். தாயின் கதை அப்போது எனக்கு ஞாபகத்தில் இருந்ததா என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். இருந்தது. அதில்லாமல் இந்த விலையை நான் எப்படிப் போட்டிருக்க முடியும்?

மற்றதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொலிஸ் ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் முப்பத்து நான்கு பேர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு புல்லுக்கு வந்தார்கள். ஐயர் விபூதிக் கையோடு. இரஞ்சிதம் அவருக்குப் பின்னால். நாகலட்சுமி அக்கா மட்டும் வரவில்லை. அவர் உள்ளறையில் பிள்ளைக்குப் பட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அம்மாவும் பிள்ளையும் உள்ளே என்று ஆரூரன் கத்தினான். அவனை நிலத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு அறையாகப் பார்த்து, சுவரலுமாரிக்குள், தொங்கும் சேலைகளுக்குப் பின்னால் அவரைக் கண்டுபிடிக்க நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தது. பிள்ளையின் முகத்தை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

"அழேல்லை. ஒரு சத்தமும் போடேல்லை," என்று அவர் பொலிஸ்காரரிடம் தமிழில் சொன்னாராம். கெட்டிக்காரப் பிள்ளை என்று.

நீங்கள் காட்டிய படத்தில் பிள்ளையை முகம்வரை மூடியிருந்த போர்வை எங்கள் கடையுடையதுதான். பச்சை என்றீர்கள். நம்புகிறேன்.

அந்தப் பிள்ளையை நான் பேரத்தில் வைக்கவில்லை. பயத்தை மட்டும்தான் வைத்தேன், அதுவும் நாற்பது நிமிடத்துக்கு. பிள்ளையை அழுத்தியது என் கை அல்ல. இரஞ்சிதம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டைவிட்டு நார்த்மீட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கடையில் இப்போது மடிப்புகளுக்குள் துண்டு இல்லை.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு ஆத்திரம் அவசர இலக்கத்தில் பேசிய அந்தப் பெண்ணோடுதான். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய கதை. எத்தனை பேர், எந்த அறை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று பதினொன்று நாற்பத்தேழு வரை என்னைப் பிடித்து வைத்திருந்தாள். திரும்பி வந்து பார்க்கும்போது, வேகத்தைக் குறைக்க ஆளில்லாமல் விமானம் பலாலியைத் தாண்டித் தெற்கே போயிருந்தது. திருப்பிக்கொண்டு வந்தேன். இரண்டு வெள்ளை, இரண்டு நீலம், அத்தனை ஒழுங்காக. அறுநூறு அடியில் வரும்போது பன்னிரண்டு மணி ஆனது. திரை கறுத்துவிட்டது.

கொப்பி உங்களிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை நான் முடித்து வைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். புறப்பட்டவை ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று. இறங்கியவை ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்று பாக்கி, அதை எனக்கு யார் தருவதென்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.