முதல் வெள்ளிக்கிழமை அர்ச்சனை

கல்யாணச் சாப்பாடு என்றால் எனக்கு உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரிந்துகொண்டு, அதற்காகத்தான் செய்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் முதலாளி சேதுபதி சார் போன வாரம் கேட்டார். "ஏம்மா அழகுத்தாய், கோடை லீவுக்கு டிரெய்னிங் வாற பிள்ளைக ஒண்ணுகூட நம்மகிட்ட நிலைக்க மாட்டேங்குதே. கெட்டிக்காரப் பிள்ளையாப் பாத்துக் கல்யாணம் ஆயிருது. நம்ம ஆபீஸ் ராசி அப்படியா?"

ராசிதான் சார் என்றேன். அது பொய்யில்லை.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் இன்டீரியர் டெக்கரேஷன் ஆபீஸ். மில்லுக்காரர்கள் வீட்டு ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், டாக்டர் வீட்டுக்குத் திரைச்சீலை, ஷோகேஸ், இப்படி வேலை ஓடும். நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு எண்பத்தாறில் சேர்ந்தேன். ஜன்னலோரம் டிராயிங் மேஜை ஒன்று, அதற்கு மேலே ஃபேன் ஒன்று. இரண்டும் என்னுடையவை. இரண்டாவது மேஜை போட அங்கே இடமில்லை.

தொண்ணூற்றிரண்டு மே மாதம், மதுரையில் பாலிடெக்னிக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அரவிந்தவல்லி டிரெய்னிங்குக்கு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். வந்த சூட்டோடு ஒரு மில்லுக்காரர் வீட்டு ஹால் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம். மேல ஒரு ஜன்னலைத் திறந்துட்டாப் போறும்" என்றாள். பத்து நாளாக நான் உட்கார்ந்து வரைந்த சீலிங் அது. சேதுபதி சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிரெய்னிங் முடிஞ்சதும் இந்தப் பிள்ளைய இங்கயே வச்சுக்கிறணும்" என்றார். சொல்லிவிட்டு என் மேஜையைப் பார்த்தார்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது. அந்த வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். "இந்தப் பிள்ளை பேருக்குப் பண்ணுங்க சாமி, புதுசா வேலைக்கு வந்திருக்கு" என்று அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். பட்டர் கேட்க, அவள் கூச்சத்தோடு பெயர் சொன்னாள், அஸ்த நட்சத்திரம், ஸ்ரீவத்ஸ கோத்திரம் என்றாள். பட்டர் என் பக்கம் திரும்பினார். எனக்கு வேண்டாம், பெருமாள் பேருக்கே பண்ணிவிடுங்கள் என்றேன். நான் எப்போதும் அப்படித்தான்.

அடுத்த வாரம் மாட வீதியில் ஜயலக்ஷ்மி அம்மாள் வீட்டுக்கு அளவெடுக்கப் போனோம். அவர் பையன் உப்பிலிக்குப் பம்பாயில் பேங்க் வேலை. அவன் கல்யாணத்துக்கு முன்னால் ஹாலைப் புதுப்பித்துவிட வேண்டுமாம். பெண் இன்னும் அமையவில்லை.

ஒரு பொருளை எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் வைத்தால் எடுபடும் என்பதுதான் எங்கள் தொழில். அம்மாளின் நாற்காலியைச் சற்று இடப்பக்கம் நகர்த்திப் போட்டேன். டேப்பின் ஒரு நுனியை அரவிந்தவல்லியிடம் கொடுத்துக் கிழக்கு ஜன்னலோரம் நிறுத்தினேன். நல்ல காலை வெயில். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே அளந்துகொண்டிருந்தேன்.

அம்மாள் என்னைத் தனியாக அடுக்களைக்குக் கூப்பிட்டார். "இது யாராத்துப் பொண்ணு?"

சொன்னேன்.

"நட்சத்திரம், கோத்ரம் ஏதாவது தெரியுமோ?"

அதையும் சொன்னேன்.

"நாங்க பாரத்வாஜம். பேஷாப் பொருந்தும்" என்றார். எனக்கு வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார்.

பம்பாய் மாப்பிள்ளை வீடு தேடி வந்தால் எந்த அப்பா வேண்டாம் என்பார்? அரவிந்தவல்லி என் மேஜைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு இப்போ வேண்டாம். ஒரு வருஷமாவது வேலை பாக்கணும். நீங்க வந்து சொன்னா அப்பா கேப்பார்." பாவமாகத்தான் இருந்தது. போய்ச் சொன்னேன். "நல்ல இடம் சாமி, விட்டுராதீக. உங்க பொண்ணுக்கும் சம்மதந்தான், வெக்கப்படுதா, அம்புட்டுத்தான்" என்று.

ஆவணியில் கல்யாணம். அக்காரவடிசில் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவளோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் மே மாதம் வருடா வருடம் வருகிறதே. அம்புஜவல்லி வந்தாள், திருச்சிக்குப் போனாள். ஞானபாக்கியத்துக்கு நட்சத்திரமே தேவைப்படவில்லை, எந்தச் சர்ச் என்று தெரிந்தாலே போதுமாக இருந்தது. கோடு கோணலாக வரைகிற பிள்ளைகள் பக்கம் நான் போனதே இல்லை. நன்றாக வரைகிறவர்களுக்கு மட்டும்தான் செய்தேன். ஒருத்தியையும் கெட்ட இடத்தில் தள்ளவில்லை.

போன வருடம் ஊருக்கு வந்திருந்த அரவிந்தவல்லியைப் பால்கோவாக் கடையில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. பேசிக்கொண்டே இருந்தவள் அண்ணாந்து பார்த்து, "அந்த டியூப் லைட்டை ரெண்டடி உள்ள தள்ளிப் போட்டிருக்கலாம், இல்லையாக்கா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு நிறைவான வாழ்க்கை.

இந்த மே மாதம் செல்லக்கனி வந்திருக்கிறாள். அவள் வரைவதைப் பார்த்தால் என் படத்தைச் சுருட்டி வைத்துவிடத் தோன்றுகிறது. வழக்கம்போல முதல் வெள்ளிக்கிழமை கோவிலுக்குக் கூட்டிப் போனேன். பட்டர் கேட்டதும் அவள் என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "எங்க அக்கா பேருக்குப் பண்ணுங்க சாமி. உங்க நட்சத்திரம் என்னக்கா?"

பட்டரே என்னிடம் கேட்பதை விட்டு வருடங்கள் ஆகின்றன. கல்யாணப் பேச்சு எடுத்து எங்கள் வீட்டிலும் கேட்பாரில்லை. உத்திரட்டாதி என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

நாளைக் காலை சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருகிறதாம், ஷோகேஸ் மாடல் பார்க்க. செல்லக்கனிதான் அனுப்புகிறாள். "நீங்க லீவு போடுங்கக்கா, மேஜைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் ஷோகேஸ் கிடையாது. இந்த வித்தை எனக்குத் தெரியாதா? என்னிடம் இதெல்லாம் பலிக்காது. லீவு மட்டும் போட்டிருக்கிறேன். கிழக்கு ஜன்னலுக்கு எதிரே இருந்த பீரோவையும் நகர்த்திவிட்டேன். அந்த இடத்தில்தான் காலை வெயில் நன்றாக விழுகிறது.