ஒரு சொட்டுகூட வேணாம்

இல்ல தம்பி, வெஜிடேரியன் இல்ல. மூணாவது தடவயா அதையே சொல்றீங்க. கறி, மீன், முட்டை வேணாங்கறது சரி. பாலும் வேணாம். வெண்ணெய், தயிர், சீஸ், தேன், எதுவுமே வேணாம். வீகன்னு பேரு. அந்த வார்த்தை என் வாயில நுழையறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு, உங்களக் கோவிச்சு என்ன பண்ண.

தெரியும், மெனு கார்டுல பச்ச இலை படம் போட்டிருக்கு. அத நம்பித்தான் இவ்ளோ பெரிய ஹோட்டலுக்குள்ள கால வச்சேன். போன்ல ஒரு பொண்ணு, எல்லாம் இருக்கு சார்னு தேனொழுகப் பேசிச்சு. வந்து பாத்தா, மேசையில வச்ச ரொட்டி மேலயே என்னமோ பளபளங்குது. என்னத்தத் தடவினீங்கன்னா, கொண்டுவந்தவருக்குத் தெரியல. அதான் சமையக்கட்டு வாசலுக்கே வந்துட்டேன். நீங்கதானே இங்க தலைமை? தொப்பி உசரமா இருந்துச்சு, அதான் கேட்டேன்.

பாலா? பாத்தீங்களா! நான் வராம இருந்திருந்தா?

ஐயோ, அப்படி மட்டும் சொல்லாதீங்க தம்பி. கொஞ்சூண்டு இருந்தா யாருக்குத் தெரியப்போகுதுங்கற பேச்சே வேணாம்.

எனக்கில்ல, எம் பொண்ணுக்கு. நான் எதப் போட்டாலும் திங்கிறவன். முப்பது வருஷமா பால் வண்டி ஓட்டுறேன், நானா பால வேணாம்பேன்? ஒரே பொண்ணு. ஒரு மணிக்கு வரேன்னிருக்கா, இன்னும் அர மணி நேரம் இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்கப்போறேன். சேச்சே, வெளிநாடெல்லாம் இல்ல. இதே ஊர்தான், எங்க வீட்டுலேர்ந்து மூணு ஸ்டாப்பு. அவ தெருவுலயும் நான்தான் பால் போடுறேன். அவ வீட்டுக்கு மட்டும் போடுறதில்ல.

இந்தாங்க, எதெல்லாம் சேக்கக்கூடாதுன்னு சீட்டுல எழுதிட்டு வந்திருக்கேன். வாங்கிக்கங்க. சட்டி தனியா, கரண்டி தனியா. சூப்ப மட்டும் நீங்களே வையுங்க தம்பி, வேற யார்கிட்டயும் விடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.

ஒத்துக்காதான்னா, உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. அது நல்லாத்தான் ஏத்துக்கும். எப்படித் தெரியும்னா... எட்டு மாசம் குடுத்துப் பாத்திருக்கேன்ல.

அவ அம்மா போனதுக்கப்பறம் வீட்டுல சமையல் நான்தான். இவ திடீர்னு பாலே வேணாம்னுட்டா. உங்க வண்டியப் பாத்தா கன்னுக்குட்டி ஞாபகம் வருதுப்பான்னா. போகட்டும்னு விட்டேன். ஆனா ஆளு குச்சியாட்டம் ஆயிட்டா. ஒரு நாள் குளிக்கற எடத்துல மயங்கி விழுந்தா. பெத்த மனசு கேக்குமா? சூப்புல ரெண்டு ஸ்பூன் பால் பவுடர் கலக்கினேன். அப்பா, உங்க சூப்பு மாதிரி எங்கயும் வராதுப்பான்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சா. எனக்கு அவ்ளோ சந்தோஷம் தம்பி. அந்தச் சந்தோஷத்தத்தான் இன்னும் மன்னிக்க முடியல.

டப்பாவ என் டூல்ஸ் பெட்டியில ஒளிச்சிருந்தேன். குழாய் ஒழுகுதுன்னு ஸ்பேனர் எடுக்கப் போயிருக்கா. டப்பாவப் பாத்துட்டா. குடிச்ச கிண்ணத்தக் கழுவிக் கவுத்து வச்சா, பையத் தூக்கிட்டுப் போயிட்டா.

போன வாரம் போன் பண்ணி, ஒரு வேளை ஒண்ணா சாப்புடலாமாம்மான்னு கேட்டேன். அதுக்குச் சொன்னா, நீங்க கை வைக்காத எடமா இருந்தா வரேம்ப்பான்னு.

நம்பி வரா தம்பி. இன்னிக்கு ஒரு சொட்டு அதுல விழுந்துச்சுன்னா, நான்தான் போட்டேம்பா.

என்ன, எங்க பாக்கறீங்க? எனக்குப் பின்னாடியா?

ஐயோ. சீக்கிரமே வந்துட்டாளே. எவ்ளோ நேரமா நிக்கிறா? நான் சமையக்கட்டு வாசல்ல நின்னு உங்க கைல சீட்ட அமுக்கினத... அம்மா, இரு. இரும்மா, போகாத!

தம்பி, ஓடுங்க. அந்தச் சீட்டக் காட்டுங்க. வேணாம்னுதானே சொன்னேன்? நீங்க சொல்லுங்க தம்பி, நான் சொன்னா நம்ப மாட்டா.