நெட்டா சூட்டரின் விருப்பப் படிவம்

எங்கள் தெருவில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம், தபாலை நம்பிப் பயனில்லை என்பது. எங்கள் ஊர் டண்டியிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். கடிதம் போய்ச் சேர ஒன்பது நாள். அதனால் படிவத்தை நானே கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் செய்கிற உதவிதானே. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட்.

என் பெயர் ஆர்ச்சி ராட்ரே. வயது எழுபத்து நான்கு. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நாற்பத்தோரு வருடம் இருந்தேன். பால்கரி முதலீட்டு டிரஸ்டில் என் அப்பா வாங்கிய பங்குகள் எனக்கு வந்தன. இரண்டு உலகப் போர்களிலும் ஈவுத்தொகையை நிறுத்தாத டிரஸ்ட் அது. போன செப்டம்பரில் அதைக் கலைத்துவிட முடிவெடுத்தார்கள். லண்டன்காரர்கள் சிலர் பங்குகளை மலிவாக அள்ளிக்கொண்டு, கலைத்துக் காசைப் பிரித்துக் கொடு என்று நெருக்கியிருந்தார்கள். நான் தலைவருக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது, மூன்று வரி. அதிலும் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பங்குதாரர்களுக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். காசாக வாங்கிக்கொண்டு விலகலாம். அல்லது அதே நிர்வாகிகள் நடத்தும் பெரிய நிதி ஒன்றில் அந்த மதிப்புக்குப் புதுப் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். எது வேண்டும் என்று படிவத்தில் குறித்து, கெடுவுக்குள் எடின்பரோவில் இருக்கும் பங்குப் பதிவாளர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பதிலே சொல்லாதவர்களின் பணம் தானாகவே புதுப் பங்குகளாக மாறிவிடும். நல்ல ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன். பேசாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் புத்திசாலிகள்.

எங்கள் கட்டடத்தில் பால்கரி பங்கு வைத்திருந்தவர்கள் மூன்று பேர். தரைத்தளத்தில் நான். எதிர் வீட்டில் டூகி மில்ன், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இரண்டாம் மாடியில் நெட்டா சூட்டர். அவருடைய பங்குகள் காலமான கணவர் விட்டுப்போனவை. நெட்டாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் இரண்டு வருடமாகப் படி இறங்க முடியவில்லை. அதனால் படிவங்களைப் பற்றி அவர் சமையலறையில்தான் பேசினோம்.

"எனக்குக் காசுதான்ப்பா," என்றான் டூகி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

"நீண்ட கால முதலீட்டை இப்படிப் பாதியில் விடக் கூடாது," என்றேன்.

"எனக்கு நீண்ட காலம்னா அடுத்த ஞாயித்துக்கிழமை."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, டூகி."

"உனக்கு எங்க ஆத்திரம் வரும்? அந்தப் பங்கையே கல்யாணம் கட்டிக்கிட்டவனாச்சே நீ."

நெட்டா சிரித்தார். பிறகு என் கையைத் தொட்டுச் சொன்னார்: "எனக்கும் காசுதான் ஆர்ச்சி. கோவிச்சுக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரில இன்னும் ரெண்டு வருஷம் காத்திருன்றாங்க. தனியார்ல நவம்பர் மாசம் நாள் குடுத்துட்டாங்க, பதினஞ்சாயிரம் பவுண்டு. ஆபரேஷன் முடிஞ்சுட்டா நானே கீழ இறங்கிப் போய் ரொட்டி வாங்கிப்பேன். இந்த ஜன்னல் வழியாவே எத்தன நாள் தெருவப் பாக்குறது?"

நான் எடின்பரோ போகிற விஷயத்தைச் சொன்னேன். நெட்டா காசுக்கு நேரே குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். டூகி கொடுக்கவில்லை.

"என்னோடத நானே தபால்ல போட்டுக்கிறேன். ஒன்கிட்ட குடுத்தா அது கோப்புக்குள்ள போயித் தூங்கிடும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாள் எடின்பரோ போய் என் படிவத்தைச் சேர்த்தேன். நெட்டாவுடையது என் பையிலேயே இருந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை; கள்ளக் கையெழுத்துப் போடும் ஆள் இல்லை நான். ரயிலில் திரும்பும்போது அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பத்தில் இருந்த பங்குகளை ஒரு பேனாக் கோட்டில் முடித்துவிட்டார். கணவர் உயிரோடு இருந்தால் விட்டிருப்பாரா? யாராவது ஒருவர் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

அக்டோபரில் நெட்டாவின் பணம் புதுப் பங்குகளாக மாறியது. காகிதப் பத்திரம் என் வீட்டுக்கே வந்தது. மாடிப்படியின் அடியில் கிடந்து கடிதங்கள் காணாமல் போகின்றன என்று, தன் கடிதங்களுக்கு என் முகவரியைத்தான் நெட்டா கொடுத்திருந்தார். அந்தப் பத்திரம் கையில் இல்லாமல் பங்கை விற்க முடியாது. நான் அதைக் கோப்பில் பத்திரமாக வைத்தேன்.

காசு ஏன் வரவில்லை என்று நெட்டா கேட்டார். படிவம் அந்த அலுவலகத்தில் எங்கோ தொலைந்திருக்கும், இனி பங்குதான், பத்திரம் வரட்டும் என்றேன். நவம்பரில் கேட்டார். விலை இறங்கியிருக்கிறது, வசந்தம் வரை பொறுங்கள் என்றேன். இறங்கியிருந்தது உண்மைதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றும் சொன்னேன். அறுவை சிகிச்சை நாளை ரத்து செய்துவிட்டு அவர் என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

"உங்களுக்குத்தான் எவ்வளவு தொல்லை ஆர்ச்சி. பாவம், எனக்காக அலையிறீங்க."

பரவாயில்லை என்றேன். டிசம்பரில் நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்தார். கட்டிலில் ஏற முடியவில்லையாம். வலியில் முனகுவது மாடிப்படி வழியாகக் கீழே எனக்குக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் பங்கு விலையை எடுத்துப் பார்ப்பேன். ஏறவே மாட்டேன் என்றது. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு நிம்மதியே இல்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி காலையில் நெட்டா எனக்குத் தொலைபேசியில் பேசினார். பதிவாளர் அலுவலகத்தை அவரே அழைத்துக் கேட்டுவிட்டார்.

"படிவமே வரலன்னு அந்தப் பொண்ணு சொல்றா, ஆர்ச்சி. பத்திரம் அக்டோபர்லயே உங்க வீட்டுக்கு வந்தாச்சாம். எடுத்துக்கிட்டு மேல வாங்க."

குரலை உயர்த்தவில்லை. நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவர் கதவைத் திறந்து படி முகப்பில் கைத்தடியோடு நின்றார். நான் மூன்று படி கீழே நின்றேன். இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டிருந்தால் போதும், எல்லாவற்றையும் விளக்கியிருப்பேன்.

"குடுங்க," என்றார்.

"இப்போது விற்றால் நஷ்டம், நெட்டா."

"என் நஷ்டம். குடுங்க."

கையை நீட்டினார். நான் ஒரு படி கீழே இறங்கிப் பத்திரத்தைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் ஒரு படி இறங்கினார். நான் இன்னொரு படி இறங்கினேன். அந்தக் கால் தாங்காது என்று எனக்குத் தெரியும். கல்படி, நடுவில் தேய்ந்தது. நான் அவரைத் தள்ளவில்லை. என்னைக் கடந்துபோய்க் கீழே விழுந்தார். பிடித்திருக்கலாம். என் ஒரு கையில் பத்திரம் இருந்தது. இன்னொரு கையில் எதுவும் இல்லை.

அப்போது மணி பத்துக்கு ஐந்து நிமிடம். டூகி மகள் வீட்டுக்குப் போயிருந்தான், கட்டடத்தில் மற்றவர்கள் வேலைக்கு. நெட்டாவுக்கு நினைவு இருந்தது. மூன்று முறை என் பெயரைச் சொன்னார். நான் அவரைத் தாண்டிக் கீழே என் வீட்டுக்குள் போய்ப் பத்திரத்தைக் கோப்பில் வைத்தேன், தேநீர் போட்டேன். ஆம்புலன்ஸை அழைத்தது பதினொன்றேகாலுக்கு. வானொலிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். வானொலியை நான் போடவே இல்லை. சீக்கிரம் அழைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது எனக்கும் அப்போதே தெரியும். பிழைத்தால் அன்று மாலையே ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து விற்கச் சொல்லியிருப்பார். அதனால்தான் காத்திருந்தேன்.

நெட்டாவின் வாரிசு அவருடைய தங்கை மகள், அபர்டீனில் இருக்கும் ஷோனா. இறுதிச் சடங்கு முடிந்ததும் கோப்பை அவளிடம் நானே ஒப்படைத்தேன். நெட்டா கையெழுத்திட்ட படிவமும் அதில்தான் இருந்தது. கையெழுத்துள்ள காகிதத்தை நான் வாழ்நாளில் கிழித்துப் போட்டதில்லை, அது வேலையில் வந்த பழக்கம். அவள் அதை உங்களிடம் கொடுத்தாள்; அதை வைத்துத்தான் நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

கோப்போடு அந்தப் பெண்ணுக்கு நான்கு பக்கம் கடிதமும் எழுதி வைத்திருந்தேன். சொத்து உன் பெயருக்கு வந்ததும் அவசரப்படாதே, இரண்டு வருடம் வைத்திரு, உன் பெரியம்மாவுக்காகவாவது வைத்திரு என்று எவ்வளவோ சொல்லியிருந்தேன். பங்குகள் அவள் கைக்கு வந்த அதே வாரம் மொத்தத்தையும் விற்றுவிட்டாள். அடுத்த மாதமே விலை ஏறியது. நாங்கள் எல்லோரும் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் காப்பாற்றி வைத்ததை இப்படிச் செய்துவிட்டாளே, சார்ஜென்ட், இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.