தண்ணீர்தான் கேட்டார்கள்

படகில் குடிதண்ணீரை நான் எப்போதும் தேவைக்கு மேலேயே ஏற்றுவேன். "கடலுக்குப் போறோமா, பாலைவனத்துக்கா மச்சான்?" என்று என் மனைவியின் தம்பி ஸ்பிரு கிண்டல் செய்வான். மார்சஷ்லொக் துறையில் இந்த விஸ்டினைக் கஞ்சன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நீதிபதி அம்மா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அடித்துவிட்டாலும் பரவாயில்லை.

போன முறை உங்கள் முன்னால் நான் சொன்னது இதுதான். லாம்புகி மீன் நிழலுக்கு வந்து ஒதுங்கட்டும் என்று கடலில் ஓலை மிதவைகள் போட்டிருந்தோம். ஒரு மதியம் கடைசி மிதவையை நெருங்கும்போது, லிபியாப் பக்கமிருந்து வந்த ஒரு ரப்பர் படகு இயந்திரம் நின்று கிடந்தது. முப்பது பேர் இருக்கும். ஒருவன் எழுந்து தண்ணீர் கேட்டான். இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளையெல்லாம் வீசிக் கொடுத்தோம். கரைக்கு வானொலியில் தகவல் சொன்னோம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். இதில் சாப்பிட்டது மட்டும்தான் முழு உண்மை.

ஏன் ஏற்றிக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். எங்கள் துறைக்காரன் நெனு போன வருஷம் இப்படிப் பதினோரு பேரை ஏற்றினான். அதன் பிறகு அதிகாரிகள் அவனைக் கரைக்கு வர விடவில்லை. நாள் கணக்கில் வெளியிலேயே நின்றான். பிடித்த மீன் நாறிப்போனது. இறங்கியதும் அவனைத்தான் குற்றவாளி போல உட்காரவைத்து விசாரித்தார்கள். இப்போதும் மதுக்கடைக்குள் அவன் நுழைந்தால், "என்னப்பா, ஆப்பிரிக்காவுக்கு அடுத்த கப்பல் எப்போ?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நான் உங்களிடம் மறைத்தது ஒரே ஒரு சொல்லை. எனக்கு அரபி தெரியாது என்றேன். அது பொய்யில்லை, ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் நீங்களும் மால்டாவில் பிறந்து வளர்ந்தவர். நம் மொழியே அரபியிலிருந்து வந்ததுதான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை நாம் இல்மா என்கிறோம். அவன் எல்மா என்றான். அதுவரைக்கும்தான் உங்களிடம் சொன்னேன். அவன் அதோடு நிறுத்தவில்லை. "எல்மா தாகில்" என்றான். கையைக் குவித்து அள்ளி அள்ளிக் காட்டினான். நாம் "இல்மா தீஹெல்" என்போம். தண்ணீர் உள்ளே வருகிறது.

முன்பு ஒருமுறை என் படகின் அடிப்பலகை விட்டுப்போனபோது, நானே அந்த இரண்டு சொல்லைத்தான் வானொலியில் கத்தினேன். மூன்று படகுகள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தன.

ஸ்பிருவுக்கும் காது இருக்கிறது. "மச்சான், உள்ள வருதுங்கிறான்" என்றான் மெதுவாக.

"தண்ணி கேக்குறான்டா" என்றேன்.

"இல்ல மச்சான், அள்ளிக் காட்டுறான் பாரு."

"நெனுவை நெனச்சுக்கோ."

அவன் என் முகத்தையே பார்த்தான். "சரி. தண்ணிதான் கேக்குறான்" என்றான். அவன் மேல் எதையும் போடாதீர்கள். படகு என்னுடையது, பேச்சும் என்னுடையது.

வீசிய புட்டிகளை அவர்கள் குடிக்கவில்லை. மூடியைத் திறந்து நல்ல தண்ணீரைக் கடலில் கொட்டினார்கள். ஒருவன் புட்டியைப் பல்லால் கடித்துக் கிழித்தான். அந்தப் பாதிப் புட்டியை வைத்துப் படகுக்குள்ளிருந்து இறைக்கத் தொடங்கினான். அதைப் பார்த்த பிறகும் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. வெட்கமாக இருக்கிறது, அம்மா. இங்கே சொல்வதைவிட, அன்று எனக்கு வாய் அத்தனை சுலபமாக வந்ததே, அதுதான் வெட்கம்.

கரையிலிருந்து கேட்டார்கள்: "ஆபத்துல இருக்காங்களா? கப்பல் அனுப்பணுமா?"

"வேண்டாம். தண்ணி கேட்டாங்க, குடுத்துட்டோம். நல்லாத்தான் போயிட்டிருக்காங்க."

நான் பல வருஷமாகக் கடலில் இருப்பவன். என் பேச்சை நம்பினார்கள். கப்பல் கிளம்பவில்லை.

மறுநாள் காலையில் என் மிதவையின் ஓலையைக் கட்டிப் பிடித்தபடி ஒருவன் மட்டும் கிடந்தான். எங்களிடம் கையைக் குவித்துக் காட்டிய அதே ஆள், இட்ரிஸ் என்ற சூடான்காரன். அவனை ஏற்றினேன். பக்கத்தில் வேறொரு படகு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது; அது இல்லாவிட்டால் ஏற்றியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் நம்பாதீர்கள்.

அவன் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "அந்த மீனவர் நல்லவர். கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தார். பாவம், என் பேச்சு அவருக்குப் புரியவில்லை" என்று சொல்லியிருக்கிறான். அதை வைத்து நீங்கள் வழக்கை முடிக்கப் போவதாக என் வக்கீல் சொன்னார். அதனால்தான் நானாக வந்தேன். மனசாட்சி என்றெல்லாம் பெரிதாக எழுத வேண்டாம். அவன் வாயால் எனக்கு நல்ல பெயர் வருவதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவனிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்தி ஒரே சொல்லைக் கேட்டான்: "அகூயா? அகூயா?" பிறகு ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினான்.

நம் வீட்டில் அதை ஹீயா என்போம். 'என் தம்பி' என்று அர்த்தம்.

நான் உதட்டைப் பிதுக்கி, புரியவில்லை என்று கையை விரித்தேன்.