பார்லருக்கு வந்த கம்ப்யூட்டர்

சுமலதா: சிவபாக்கியக்கா, மவுஸத் தூக்காதீங்க. டேபிள் மேலயே நகத்துங்க.

சிவபாக்கியம்: டேபிளு முடிஞ்சிருச்சே சுமா.

சுமலதா: தூக்கி நடுவுல வச்சுக்கங்க.

சிவபாக்கியம்: இப்பத்தான தூக்காதன்ன.

சுமலதா: அது வேற... சரி, அந்தக் கட்டத்துல கஸ்டமர் பேரு அடிங்க. சத்தியபிரியா.

சிவபாக்கியம்: எஸ்ஸு... இந்தா. ஏ பக்கத்துலயே கெடக்கு. டி எங்க?

சுமலதா: மேல.

சிவபாக்கியம்: ஏபிசிடிய வரிசையா வச்சா என்னவாம்?

சுமலதா: அஞ்சு வருசமா என் பார்லர்ல கண்ண மூடிக்கிட்டு முடி வெட்டுறீங்க. இதுவும் கைக்கு வந்துரும்.

சிவபாக்கியம்: முடி வெட்டுனா கீழ விழுறது தெரியும். இதுல என்ன நடக்குதுன்னே...

சுமலதா: அடுத்தது குறிப்பு. போன தடவ அந்தப் பொண்ணுக்கு டை போட்டப்ப என்னாச்சு?

சிவபாக்கியம்: காதுக்குப் பின்னால தடிச்சிருச்சு. நாந்தான ஐஸு வச்சேன்.

சுமலதா: அத எழுதுங்க. வர்ற வியாழக்கெழம அவளுக்குக் கல்யாணம். நீங்க இல்லாதப்ப வேற யாராச்சும் அதே டையப் போட்டுட்டா?

சிவபாக்கியம்: நான் எங்க போகப் போறேன்?

சுமலதா: சும்மா சொன்னேங்க்கா. இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ அடிங்க, போதும். கே, ஏ, ஏ...

சிவபாக்கியம்: இரு, இரு... அடிச்சிட்டேன்.

சுமலதா: சேவ் பண்ணுங்க. கரண்டு போனா எல்லாம் போயிரும்.

சிவபாக்கியம்: ஆச்சு. பிரிண்டு எடுக்குறதயும் வெரசா காட்டிரு சுமா.

சுமலதா: என்ன அவசரம்?

சிவபாக்கியம்: அவசரமெல்லாம் இல்ல...

சுமலதா: மூணு நாளா அஞ்சர பஸ்ஸ விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. பூம்பாறைக்குப் போயி எப்பச் சோறாக்குறது?

சிவபாக்கியம்: மக ஆக்கிருவா. சுமா... ஒன்னு சொல்லணும். திட்டக்கூடாது.

சுமலதா: சொல்லுங்க.

சிவபாக்கியம்: ஏரிக்கரைல புதுசா ஓட்டல் வருதுல்ல, அங்க பார்லர் வைக்கிறாங்களாம். வேலைக்கு எழுதிப் போட்டுட்டேன்.

சுமலதா: ம்.

சிவபாக்கியம்: தங்குறதுக்கு வீடு தாராங்க. மக இங்கயே நடந்து ஸ்கூலுக்குப் போயிருவா. தெனமும் பஸ்ஸுல வாந்தி எடுத்து, சோந்து போயித்தான் கிளாஸுல உக்காருறா.

சுமலதா: ம்.

சிவபாக்கியம்: கம்ப்யூட்டர் தெரியுமான்னு அந்தத் தாள்ல கேட்டிருந்துச்சு. தெரியும்னு டிக் போட்டுட்டேன். வர்ற திங்கக்கெழம நேர்ல வரச் சொல்லிருக்காங்க. என்ன செய்யன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன், நீயே கூப்பிட்டு உக்கார வச்ச. ஒங்கிட்டயே கத்துக்கிட்டு ஒன்னய விட்டுப் போறது... மனசு கேக்கல. வேணாம்னா இத்தோட நிறுத்திக்குவோம்.

சுமலதா: அந்த ஓட்டல் மேனேஜரு போன திங்கக்கெழமயே எனக்குப் போன் பண்ணிட்டாருக்கா. 'அந்தம்மாவுக்கு நெசமாவே கம்ப்யூட்டர் தெரியுமா'ன்னு கேட்டாரு. நல்லாவே தெரியும்னு சொல்லிட்டேன். அதான் மறுநாளே உங்களக் கூப்பிட்டேன்.