லேமினேஷன் பண்ணின இனாம் பத்திரம்

அந்த ஃபைலை ஜன்னலோரம் வெக்காதீங்க அம்மணி. வெயில் பட்டா மை வெளுத்துப்போகும். கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்கோங்க. ஆமாங்க, அங்கதான்.

என்ற பேரு திருமலைசாமிங்க. பீளமேட்டுல பம்புக்கு வார்ப்படம் போடற ஃபவுண்டரி. அதைப் பையன் ரவிதேஜா பாத்துக்கறான். எனக்கு வேலை பழைய பத்திரம் சேக்கறது. வெள்ளைக்காரங்க காலத்துல கலெக்டர் தொரைமாருங்க நெலத்தை இனாமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்கல்லீங்களா, அந்தப் பத்திரங்கதான். பீரோ நெறைய இருக்குதுங்க. தாளைத் தடவிப் பாத்தே எந்தக் காலத்துதுன்னு சொல்லிப்போடுவேன். ஒருக்கா மழைத்தண்ணி ஊட்டுக்குள்ள வந்தப்போ, மொதல்ல பத்திரத்தையெல்லாம் மாடிக்கு ஏத்திப்போட்டு, அப்பறந்தான் ஊட்டுக்காரி பங்காரம்மாளைக் கூட்டிட்டுப் போனேன். அவ இன்னும் அதைச் சொல்லிக்காட்டறா. அவ நனைஞ்சா துவட்டிக்கலாம். தாளைத் துவட்ட முடியுமுங்களா?

போத்தனூர் ஏசுவடியான் எனக்கு நல்ல கூட்டாளிங்க. ரயில்வேயில இருந்து ரிட்டையர் ஆனவரு. கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு கெணத்தையும் சுத்தியிருந்த நெலத்தையும் அவரு பூட்டனுக்குத் தொரை எழுதிக் குடுத்த பத்திரம் அவருகிட்ட இருந்துச்சு. அந்தக் கையெழுத்தோட கடைசி எழுத்து வாலாட்டம் எறங்கி முத்திரையைத் தொடும். அவ்வளவு அழகு. என்ன வேணுமின்னாலும் குடுக்கறேன்னு எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேக்கும் காப்பியும் குடுத்து அனுப்பிப்போட்டாரு. எனக்கு வருத்தமே இல்லீங்க. பத்திரம் நல்லா இருந்தாப் போதும், யாருகிட்ட இருந்தா என்ன?

போன வாரம் அவரே கூப்புட்டாரு. பத்திரத்துல இருக்கற கெணத்தைக் காட்டறேன் வாங்கன்னாரு. என்ற காருலதான் போனோம். நெலமெல்லாம் எப்பவோ கைமாறிப் போச்சு, சுத்தியும் தறிக்கூடம். கெணறு மட்டும் அப்படியே இருக்குது, கைப்பிடிச் சுவரு இல்லாம. அந்த ஓரத்துல நின்னு பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டுனாரு.

லேமினேஷன் பண்ணியிருந்தாருங்க.

"பளபளன்னு இருக்குதுங்களா? இனி நூறு வருசத்துக்குக் கவலையில்லை"ன்னு சிரிச்சாரு.

அம்மணி, நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும். பழைய தாளு மூச்சு விடோணும். அதைச் சூடான பிளாஸ்டிக்குக்குள்ள வெச்சு அமுக்கறது ஒருத்தரை உசுரோட பொதைக்கற மாதிரி. பாத்துப்போட்டு எப்படிங்க சும்மா இருக்கறது? மொதல்ல பத்திரத்தைப் பத்திரமா கையில வாங்கிக்கிட்டேன். அப்பறம் அவரைத் தள்ளிப்போட்டேன்.

தண்ணி இடுப்பளவுதானுங்க. காலு முறிஞ்சிருக்கும் போல, எந்திரிக்க முடியலை. நான் மேல ஒரு கல்லுல உக்காந்து, பழைய தாளை எப்படிப் பாதுகாக்கறதுன்னு அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஈரம், வெளிச்சம், பூச்சி, எல்லாம் பொறுமையா வெளக்குனேன். அவரு காதுலயே வாங்கலை. "ஏனுங்க, அது கலர் ஜெராக்ஸுங்க. அசலு ஊட்டுல இருக்குது. கயிறு போடுங்க"ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. செஞ்ச தப்புப் பத்தாதுன்னு பொய் வேறயான்னு எனக்கு மனசு விட்டுப்போச்சுங்க. பிளாஸ்டிக் மேல தடவித் தாளைக் கண்டுபுடிக்கவா முடியும்? அங்க கெடந்த கயித்தைச் சுருட்டிக் காருல போட்டுக்கிட்டு வந்துபோட்டேன். தறிச் சத்தத்துல அவரு கூப்புட்டது யாருக்கும் கேட்டிருக்காது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாருன்னீங்களே, திடமான மனுசனுங்க.

இன்னைக்குக் காலைல அவரு பொண்ணு அமலி அசலை இங்க ஸ்டேஷனுக்கே கொண்டாந்து குடுத்துச்சு. அடுத்த மாசம் என்ற அறுபதாங் கல்யாணத்துக்குக் குடுக்கோணும்னு எடுத்து வெச்சிருந்தாராம். தன்ற ஞாபகத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்னுதான் ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் பண்ணிக்கிட்டாராம். நீங்க அதை என்ற கையில குடுத்தப்போ தடவிப் பாத்தேன். ஒரு மடிப்புக் கூடக் கெடலை. பருத்தித் துணியில சுத்தி அருமையா வெச்சிருந்தாரு.

வருத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா என்ற மேல என்னங்க தப்பு? இத்தனை முக்கியமான விசயத்தை ஒரு மனுசன் மேல நிக்கறப்பவே சொல்லிப்போடோணும். கெணத்துக்குள்ள போனதுக்கப்பறம் சொன்னா யாருங்க நம்புவாங்க?