சில்யேவுக்குக் கொடுக்காத சத்தம்

காபி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். வெளியே யாரோ ஈரக் காலணியோடு நடக்கிறார்கள். உங்களுக்குக் கேட்டிருக்காது, காதுகளோடே காலம் தள்ளியவனுக்குக் கேட்கும்.

வக்கீல் வேண்டாம் என்றுவிட்டேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? நடந்ததை நானே சொல்கிறேன். என் உதவியாளர் இர்சா சொன்னால் பாதி அழுகையாக வரும், உங்களுக்குத்தான் நேரம் வீண்.

லோனே என்ற தாயின் இரட்டைப் பெண்கள் மாரெனும் சில்யேவும் பிறவியிலேயே காது கேட்காதவர்கள். ஒரு வயதில், ஒரே நாளில், இருவருக்கும் காதுக்குள் காக்ளியர் கருவி வைத்தார்கள். அறுவை மருத்துவர் தையல் போட்டதோடு சரி. கருவி செவி நரம்புக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்ப வேண்டும் என்று அளந்து வைப்பது ஹாஸ்லுண்ட் ஆய்வகத்துச் செவியியல் வல்லுநர், அதாவது நான். அளவு குறைந்தாலும் கருவியில் பச்சை விளக்கு எரியும், ஆனால் குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. மாரெனுக்குச் சரியாக வைத்தேன். சில்யேவுக்குக் குறைத்து வைத்தேன். ஆறு வயது வரை, வந்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான் வைத்தேன்.

சின்ன வயதில் சத்தம் போய்ச் சேராத மூளை பிறகு கேட்கக் கற்காது என்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். நிரூபியுங்கள் என்றால் தலையைச் சொறிவார்கள். தாமதமாகக் கருவி வைத்த குழந்தையைக் காட்டினால், அது வேறு வீடு, வேறு வளர்ப்பு என்று எவனாவது ஒருவன் எழுந்து நிற்பான். ஒவ்வொரு மாநாட்டிலும் அவன் இருப்பான். இங்கே ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே தாலாட்டு. வித்தியாசம் ஒன்றே ஒன்று, அதுவும் என் கையில். அனுமதி கேட்டிருந்தால் எந்தக் குழுவும் கொடுத்திருக்காது. அதனால் கேட்கவில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு மரக்கட்டைச் சோதனை. சத்தம் கேட்டதும் ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். சத்தத்தை அனுப்பும்போது தங்களை அறியாமல் குழந்தையை நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள். குழந்தை காதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் கட்டையைப் போடும். இதற்காக நான் மாணவர்களைத் திட்டாத நாளில்லை. சில்யேவிடம் அதே தப்பை வேண்டுமென்றே செய்தேன். புருவத்தை லேசாக உயர்த்துவேன், கட்டை விழும். மூலையில் உட்கார்ந்திருக்கும் லோனேவுக்குக் கண் கலங்கிவிடும். சில்யே கெட்டிக்காரி. என் மனைவிகூட என் முகத்தை அவ்வளவு நன்றாகப் படித்ததில்லை.

லோனே சந்தேகப்படாமல் இல்லை. ஆனால் அவள் சந்தேகப்பட்டதெல்லாம் தன்னைத்தான்.

"ப்ரேபன், இங்க கட்டையைப் போடுறா, வீட்டுல கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா. மாரென் நாள் முழுக்கப் பாடுறா, இவ பேசாம செவுத்தப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கா. நான்தான் ஏதாவது தப்பா வளக்குறேனா?"

ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி, அவசரப்படாதீர்கள் என்றேன். அடுத்த முறை எனக்காக ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். சைகை மொழியாவது கற்றுக்கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கூடவே கூடாது, அப்புறம் காதை நம்பவே மாட்டாள் என்று தடுத்தேன். சைகை புகுந்தால் என் ஒப்பீடு கெட்டுவிடும். சகோதரிகள் இருவரும் மேசைக்கடியில் விரலால் தாங்களே ஏதோ பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மழலையர் பள்ளிக்குச் சொல்லி இருவரையும் வேறு வேறு வகுப்பில் போட வைத்தேன். அன்றைக்கு வாசலில் சில்யே மாரெனின் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாளாம். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

போன மாதம் எனக்கு முதுகுவலி. என் இடத்தில் இர்சா உட்கார்ந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே குழந்தையின் பின்னால் நின்று சோதித்தாள். ஒரு கட்டைகூட விழவில்லை. கருவியின் அளவுகளைத் திறந்து பார்த்தவள், சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க ப்ரேபன். கை தவறிடுச்சுன்னு சொல்லுங்க. நான் நம்பிடுறேன்."

"மறக்கல," என்றேன். என்னைக் கெட்டவன் என்று சொல்லட்டும், பொறுத்துக்கொள்வேன். கவனமில்லாதவன் என்று சொன்னால் பொறுக்க மாட்டேன்.

மறுநாளே இர்சா அளவைக் கூட்டிவிட்டாள். சில்யே அலறிக்கொண்டு கருவியைப் பிய்த்து எறிந்தாளாம். அவளுக்கு அது பேச்சாகக் கேட்கவில்லை, வெறும் இரைச்சல். கேட்கக் கற்கும் கதவு அடைபட்டுவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதைக் காட்டியவன் நான்தான். ஊர் என்னை அரக்கன் என்கிறது, சொல்லட்டும். நாளைக்கு அதே ஊர் என் முடிவைக் காட்டித் தன் குழந்தைகளுக்குச் சீக்கிரமாகக் கருவி கேட்கும். அப்போது யாரும் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இருவரில் சில்யேவை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, முதல் வாரம் இருவருக்குமே முழுச் சத்தம் கொடுத்தேன். மாரென் வீறிட்டு அழுதாள். சில்யே அம்மா குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள். சந்தோஷமான குழந்தை, தாங்கிக்கொள்வாள் என்று தோன்றியது. குறைத்த பிறகு கொஞ்ச நாள் கருவியைத் தட்டித் தட்டி லோனேவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் நினைத்தது சரிதான், தாங்கிக்கொண்டாள்.